ஆட்டோ கியர் எண்ணெயை வீட்டிலேயே மாற்றலாமா?

1985-இல் புரோட்டோன் சாகா வந்தது. 1994-இல் பெரோடுவா காஞ்சில் வந்தது. அதுவரை சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் சாத்தி வைக்கப்பட்டிருந்த லயன் வாசல்களில், அதன் பிறகுதான் கார்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கத் தொடங்கின. அந்த நாள் கார்களில் பெரும்பாலானவை கையால் கியர் போட்டு ஓட்டுபவை. கிளட்ச் தேய்ந்தால் ஓட்டுகிறவரின் காலுக்கே தெரிந்துவிடும்.

இன்று கதை வேறு. தோட்டத்தில் இருப்பவர்களானாலும் சரி, தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபோனவர்களானாலும் சரி, இரண்டாம் கையாக வாங்கிய ஒரு மைவியோ, விவாவோ, பழைய வீராவோ வாசலில் நிற்கிறது. அவற்றில் பல ஆட்டோ கியர் கார்கள். காலையில் மனைவியைத் தொழிற்சாலையில் விடுவதும் அந்தக் கார்தான். பிள்ளைகளை டியூஷனுக்கு ஏற்றிச் செல்வதும் அதுதான். நள்ளிரவில் பாட்டிக்கு மூச்சிரைத்தால் டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அதே கார்தான். வீட்டில் இரண்டாவது கார் கிடையாது.

இன்ஜின் எண்ணெயை நம்மவர்கள் தவறாமல் மாற்றுகிறார்கள். பட்டறைக்காரர் கண்ணாடியில் ஒட்டிவிடும் சீட்டைப் பார்த்து, இத்தனை கிலோமீட்டர் ஆகிவிட்டது என்று வீட்டுப் பெண்களே நினைவூட்டுவார்கள். ஆனால் கியர்பெட்டிக்குள்ளும் எண்ணெய் இருக்கிறது, அதுவும் கெட்டுப்போகும் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. ஒரு நாள் கார் மேட்டில் ஏறத் திணறும். 'டி'யில் போட்டால் இரண்டு நொடி யோசித்துவிட்டு ஒரு குலுக்கலோடு கிளம்பும். பட்டறைக்குக் கொண்டுபோனால், "கியர்பாக்ஸ் போச்சு" என்பார்கள். பிரித்துப் பழுது பார்ப்பதானாலும், ஹாஃப்கட் கடையில் பழைய கியர்பெட்டி வாங்கி மாட்டுவதானாலும் செலவு ஆயிரக்கணக்கான வெள்ளிக்குப் போய்விடும். அதைத் தள்ளிப்போடக்கூடிய பராமரிப்பு, சில லிட்டர் எண்ணெயும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும்தான்.

இந்த வேலையை வீட்டிலேயே செய்யலாமா? எல்லாக் காரிலும் செய்ய முடியாது. செய்யக்கூடிய காரில், பொறுமையுள்ள ஒருவர் செய்யலாம். ஆனால் எண்ணெய் வகை தவறினாலும், அளவு தவறினாலும், காரைத் தூக்கி நிறுத்தும் முறை தவறினாலும் செய்யாமல் விட்டிருப்பதே மேல் என்றாகிவிடும். ஆகவே எப்படிச் செய்வது என்பதோடு, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

இரண்டு மேசை மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். அதன் காற்றுப் பட்டு மற்றதும் மெல்லச் சுழலும். ஆட்டோ கியர் காரில் இன்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் இடையே இருப்பது ஏறக்குறைய இப்படி ஓர் ஏற்பாடுதான். காற்றுக்குப் பதில் எண்ணெய். விசிறிகளுக்குப் பதில் இறக்கைகள் பொருத்திய இரண்டு சக்கரங்கள். இதற்கு டார்க் கன்வெர்ட்டர் என்று பெயர். கிளட்ச் மிதி இல்லாமலே சிவப்பு விளக்கில் கார் இன்ஜின் அணையாமல் நிற்பது இதனால்தான்.

எண்ணெயின் வேலை அதோடு முடிவதில்லை. செம்பனைத் தோட்டத்தில் பழக்குலைகளைத் தூக்கி லாரியில் போடும் கிராபரைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கையை அசைப்பது குழாய்க்குள் ஓடும் எண்ணெயின் அழுத்தம். கியர்பெட்டிக்குள்ளும் அதே அழுத்தம்தான் கிளட்ச் தட்டுகளை நெருக்கிப் பிடித்து, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் மாற்றுகிறது. இவற்றோடு பற்சக்கரங்களுக்கு வழுவழுப்பையும் அந்த எண்ணெய்தான் கொடுக்க வேண்டும். உள்ளே எழும் சூட்டையும் சுமந்துபோய் ஆற்ற வேண்டும்.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். எண்ணெய் என்றால் வழுக்க வேண்டும். ஆனால் அதே எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் கிளட்ச் தட்டுகள் வழுக்காமல் பிடிக்க வேண்டும். எவ்வளவு வழுக்கலாம், எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை மருந்து கலப்பதுபோல் கலந்துதான் இந்த எண்ணெயைச் செய்கிறார்கள். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939-இல், 1940-ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபீல் காருக்காக ஹைட்ராமேட்டிக் என்ற ஆட்டோ கியர்பெட்டியைக் கொண்டுவந்தது. அதன் பின் வந்த கியர் எண்ணெய்களில் இந்தப் பிடிமானக் கணக்கைச் சரிசெய்யத் திமிங்கில எண்ணெயைக்கூடச் சேர்த்தார்கள்! திமிங்கிலங்களைக் காக்க 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதற்குத் தடை போட்ட பிறகுதான் மாற்று மருந்துகள் தேடப்பட்டன. எண்ணெய் வகையைப் பற்றி நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது இதிலிருந்து விளங்கும்.

இந்த எண்ணெயைக் கெடுப்பது சூடு. சாதாரண ஓட்டத்தில் 80, 90 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். மேடேறும்போதும், ஆளும் சாமானும் நிறைந்து போகும்போதும், குலை லாரிக்குப் பின்னால் செம்மண் சாலையில் ஊர்ந்து போகும்போதும் சூடு ஏறுகிறது. பத்துப் பாகை ஏறினால் எண்ணெயின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழில் தெரிந்தவர்கள் சொல்லும் கணக்கு. கையேட்டில் 40,000 கிலோமீட்டர் என்று போட்டிருந்தாலும், அதற்கு மேல் போட்டிருந்தாலும், கடுமையான பயன்பாடு என்ற தலைப்பில் அதற்குக் குறைவான கணக்கு ஒன்றையும் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தோட்டத்துக் கார்களின் பிழைப்பு பெரும்பாலும் அந்தத் தலைப்பின் கீழ்தான் வருகிறது.

குச்சி சொல்லும் சேதி

முதலில் உங்கள் காரில் கியர் எண்ணெய் பார்க்கும் குச்சி இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் எண்ணெய்க்கு ஒன்று இருக்கும்; அது வேறு. கியர் எண்ணெய்க்கென்று இரண்டாவது குச்சி இருந்தால், இந்தக் கட்டுரையை மேற்கொண்டு படிக்கலாம். பழைய வீரா, காஞ்சில் ஆட்டோ போன்ற கார்களில் அது உண்டு. குச்சியே இல்லாத கார்களில் எண்ணெயின் சூட்டைக் கருவி வைத்து அளந்து, அந்தச் சூட்டில்தான் அளவு பார்க்க வேண்டும். அது பட்டறை வேலை. வீட்டில் கைவைக்க வேண்டாம்.

குச்சியை உருவி, வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு வையுங்கள். கியர் எண்ணெய்க்குச் சிவப்பு இயற்கை நிறமல்ல. இன்ஜின் எண்ணெயோடு குழம்பிவிடாமல் இருப்பதற்காகச் சேர்க்கும் சாயம். தெளிவான சிவப்பு என்றால் நல்லது. பழுப்பேறியிருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. கறுத்து, அடிப்பிடித்த சட்டியைப் போல் கருகல் வாடையும் வீசினால், உள்ளே கிளட்ச் தட்டுகள் தேய்ந்து எரியத் தொடங்கிவிட்டன என்று பொருள். அந்த நிலையில் காரும் வழுக்கத் தொடங்கியிருந்தால் புதிய எண்ணெய் அதைக் குணப்படுத்தாது. எண்ணெய்க்குப் பணம் போடும் முன் நல்ல ஃபோர்மன் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

இன்னொரு நிறமும் உண்டு. கல்யாண வீட்டில் கொடுக்கும் சிராப் பண்டோங் தெரியுமல்லவா? அதுபோல் ரோஜா நிறத்தில் பால் கலந்தாற்போல் இருந்தால், எண்ணெயில் தண்ணீர் சேர்ந்துவிட்டது. பல கார்களில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் உள்ளே ஓடுகிறது. அது ஓட்டை விழுந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே வரும். வெள்ளத்தில் நின்ற காரிலும் இப்படி ஆகும். கியர்பெட்டி மூச்சு விடுவதற்கென்று உள்ள சிறு துவாரத்தின் வழியே வெள்ளம் புகும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா பகுதியில் எத்தனை கார்கள் மூழ்கின என்பதை நாடே பார்த்தது. விலை மலிவு என்று பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் இந்தக் குச்சியை உருவிப் பார்க்க வேண்டும். பண்டோங் நிறம் தெரிந்தால் இன்ஜினை முடுக்காமல் இழுவை வண்டியில் கொண்டுபோவதுதான் முறை.

கடையில் எப்படிக் கேட்பது?

உதிரிப்பாகக் கடையில் நடக்கும் குழப்பம் ஒன்று. 'மின்யாக் ஹித்தாம்' என்றால் இன்ஜின் எண்ணெய். 'மின்யாக் கியர்' என்று மட்டும் கேட்டால், கையால் கியர் போடும் காருக்கான கெட்டி எண்ணெய் கிடைத்தாலும் கிடைக்கும். 'மின்யாக் கியர் ஆட்டோ' என்று கேட்க வேண்டும். அதிலும் பாதிதான் தீரும்.

"தவுக்கே, ஆட்டோ கியர் எண்ணெய் நாலு லிட்டர் குடுங்க" என்று கேட்கிறவரிடம் நல்ல கடைக்காரர், "எந்தக் கார்? எந்த வருசம்?" என்று திருப்பிக் கேட்பார். கேட்காமலே எடுத்துத் தருகிற கடையை விட்டு அடுத்த கடைக்குப் போவது உத்தமம்.

எந்த வகை வேண்டும் என்பது கார் கையேட்டில் இருக்கும். பல கார்களில் அந்தக் குச்சியின் தலையிலேயே பொறித்திருப்பார்கள். மிட்சுபிஷி கியர்பெட்டி வைத்த பழைய புரோட்டோன்களுக்கு எஸ்.பி. என்ற எழுத்துகளோடு வரும் வகை. பெரோடுவாக்களுக்கு வேறு. டெக்ஸ்ரான் என்ற பெயர் ஜெனரல் மோட்டார்ஸ் 1967-இல் வைத்தது. அதன் மூன்றாம் வகைக்கு 2006-க்குப் பிறகு அந்த நிறுவனம் உரிமம் தருவதில்லை. ஆகவே டின்னின் முன்பக்கத்துப் பெரிய எழுத்தை நம்பாமல், பின்பக்கத்தில் உங்கள் காரின் வகை பெயர் சொல்லி அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று சொல்லும் எண்ணெய்களில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. மூடியின் முத்திரை உடைந்திருந்தால் வாங்காதீர்கள்; போலி எண்ணெய் ஊரில் உலவத்தான் செய்கிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து சி.வி.டி. கார்கள். ஓட்டுகிறவருக்கு இதுவும் ஆட்டோ கியர்தான். உள்ளே பற்சக்கரங்கள் மாறி மாறிப் பிடிப்பதில்லை, உலோகப் பட்டையோ சங்கிலியோ இரண்டு கப்பிகளுக்கிடையே ஓடுகிறது. 2011-இல் வந்த சாகா எஃப்.எல்.எக்ஸ். முதல், 2019 வரைக்கும் சாகா ஆட்டோக்களில் சி.வி.டி. இருந்தது, 2019-இல்தான் நான்கு கியர் பெட்டி திரும்ப வந்தது. மைவி இதற்கு நேர்மாறு. 2005-இல் வந்தது முதல் நான்கு கியர். 2021 நவம்பரில் சி.வி.டி.க்கு மாறியது. ஆக்சியா 2023-இல் மாறியது. பார்வைக்கு அண்ணன் தம்பி போலிருக்கும் இரண்டு மைவிகளுக்கு எண்ணெய் வேறு வேறு! சி.வி.டி.யில் சாதாரண ஆட்டோ எண்ணெயை ஊற்றினால் பட்டைக்கும் கப்பிக்கும் உள்ள பிடிமானம் போய்விடும், பெட்டி வீணாகும். உங்களுடையது சி.வி.டி. என்றாலும், உத்தரவாதம் முடியாத கார் என்றாலும் பட்டறையிலேயே விட்டுவிடுங்கள்.

காரின் அடியில் படுக்கும் முன்

இனிச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கியர்பெட்டி போனால் காசு போகும். ஜேக்கிலிருந்து கார் நழுவினால் ஆளே போய்விடுவார்.

காரோடு வரும் ஜேக் டயர் மாற்றுவதற்காகக் கொடுக்கப்பட்டது. அதன் மேல் நிற்கும் காரின் அடியில் ஒரு கையைக்கூட நீட்டக்கூடாது. ஜேக் ஸ்டாண்ட் என்று முக்காலி போன்ற இரும்புத் தாங்கிகள் விற்கிறார்கள். இரண்டு வாங்கி, நாலைந்து வீட்டுக்காரர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம். காரை ஜேக்கால் தூக்கி, கையேட்டில் காட்டியிருக்கும் உறுதியான இடத்தில் தாங்கியை வைத்து, அதன் மேல் காரை இறக்கிவிட்டு, கையால் ஓர் ஆட்டு ஆட்டிப் பாருங்கள். அசையாமல் நின்றால் மட்டுமே அடியில் போகலாம். சிமெண்டுக் கல்லை அடுக்கி வைக்கிறார்கள் சிலர். அது மெல்ல விரிசல் விட்டு எச்சரிக்கை செய்யாது. ஒரே நொடியில் நொறுங்கும்.

நம் வாசல் செம்மண் தரை. மழை பெய்த மறுநாள் தாங்கியின் கால் சோற்றில் கரண்டி இறங்குவதுபோல் இறங்கும். சிமெண்டுத் தரையில் செய்யுங்கள். இல்லாவிட்டால், லாரியும் டிராக்டரும் பழுது பார்க்கப் பள்ளம் கட்டியிருக்கும் தோட்டத்துப் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை இடம் கேட்டுப் பாருங்கள். கிராணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்வது உங்களுக்கும் பாதுகாப்பு.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. 'பி'யில் போட்டால் கார் நகராது என்று நினைக்கிறோம். இந்தக் கார்களில் முன்சக்கரங்கள்தான் ஓடுபவை. 'பி' பிடிப்பதும் அவற்றைத்தான். முன்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அந்தப் பிடி அந்தரத்தில் போய்விட்டது! தரையில் நிற்கும் பின்சக்கரங்களைப் பிடிப்பது கைப்பிரேக் மட்டுமே. ஆகவே கைப்பிரேக்கை முழுக்க இழுத்து, பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். தனியாகச் செய்யாதீர்கள், கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருக்கட்டும். சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விட வேண்டாம்.

வடிப்பதும் ஊற்றுவதும்

காரைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்கள். எண்ணெய் இளகும், அடியில் படிந்த அழுக்கும் கலங்கி வரும். ஆனால் கொதிக்கும் எண்ணெய் கையில் பட்டால் தோல் வழன்றுவிடும்; அரை மணி நேரம் ஆறவிட்டுக் கை பொறுக்கும் சூட்டில் செய்யுங்கள்.

எந்த நட்டைக் கழற்றுவது? அடியில் இன்ஜினுக்கு ஒன்று, கியர்பெட்டிக்கு ஒன்று என்று பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்றை மற்றொன்று என்று நினைத்துக் கழற்றுவது அனுபவமுள்ள பட்டறைகளிலேயே நடக்கிறது. இன்ஜின் எண்ணெயை வடிப்பதாக எண்ணிக் கியர் எண்ணெயை வடித்துவிட்டு, ஏற்கெனவே நிறைந்திருக்கும் இன்ஜினில் இன்னும் நாலு லிட்டர் ஊற்றி, கியரில் எண்ணெயே இல்லாமல் காரை அனுப்பிவிடுவார்கள். அடுத்த முறை இன்ஜின் எண்ணெய் மாற்றப் போகும்போது, கியர் நட்டின் மேல் கொஞ்சம் பெயிண்ட் தடவித் தரச் சொல்லுங்கள். கழற்றும்போது வருவது கறுப்பா, சிவந்த பழுப்பா என்று முதல் சொட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

குச்சியை உருவி வைத்துவிட்டு, அகலமான பேசினை அடியில் வைத்து நட்டைக் கழற்றுங்கள். இரண்டிலிருந்து நான்கு லிட்டர் வரை கொட்டும். நட்டின் முனையில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருக்கும். அது இயல்பான தேய்மானம், கவலை வேண்டாம். பசைக்குப் பதில் விரலுக்குத் தட்டுப்படும் இரும்புத் துணுக்குகள் இருந்தால் அது வேறு கதை. அதைத் தாளில் பொதிந்து ஃபோர்மனிடம் காட்டுங்கள்.

சொட்டுவது நின்றதும் நட்டுக்குப் புது வாஷர் போட்டுப் பூட்டுங்கள். முதலில் கையாலேயே முறுக்குங்கள். வளைந்து ஏறினால் மரை போய்விடும். பிறகு ஸ்பேனரால் இறுக்குங்கள். பலமெல்லாம் காட்டத் தேவையில்லை. இரும்பு நட்டு, பெட்டி சில கார்களில் அலுமினியம். முரட்டுக் கைக்கு அது தாங்காது.

இப்போது வடித்த எண்ணெயை அளக்க வேண்டும். இன்ஜின் எண்ணெய் வாங்கிய பழைய நாலு லிட்டர் தோங் வீட்டில் கிடக்குமே, அதன் பக்கத்தில் அளவுக் கோடுகள் உண்டு. பழைய எண்ணெய் நன்றாக ஆறிய பிறகு அதில் ஊற்றிப் பாருங்கள். சூட்டில் எண்ணெய் விரிவதால் அவசரப்பட்டு அளந்தால் கணக்குத் தப்பும். எவ்வளவு வந்ததோ அதே அளவுதான் புதியது. மாற்றுவதற்கு முன்பே குச்சியில் அளவு குறைந்திருந்தால் மட்டும் அந்தக் குறைவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஊற்றும் வழி, பல கார்களில் அந்தக் குச்சி நுழையும் குழாயேதான். நீண்ட மெல்லிய புனல் வேண்டும். புனலைச் சோப்புப் போட்டுக் கழுவி, முழுக்க உலர்த்தி வையுங்கள். நூல் பிரியும் பழைய துணியால் குச்சியைத் துடைக்காதீர்கள். அந்த ஒரு நூல் உள்ளே போய் ஊசித் துவாரம் போன்ற பாதையை அடைத்துக்கொள்ளும்.

கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் நல்லதுதானே என்று சிலர் கேட்பார்கள். இல்லை. அளவு மிஞ்சினால் சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். அளவு குறைந்தால் பம்ப் எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சும். இரண்டிலும் முடிவு ஒன்றே. நுரைக்குக் கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிக்கும் பலம் இல்லை, கியர் வழுக்கும்.

கடைசி அளவு பார்ப்பது, காரைத் தாங்கியிலிருந்து இறக்கிச் சமதரையில் நிறுத்திய பிறகு. இன்ஜினை முடுக்கிச் சூடேறவிடுங்கள். மூடிய கொட்டகைக்குள் வேண்டாம், புகை ஆளைக் கொல்லும். பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு பி, ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் சில நொடிகள் நிறுத்தித் திரும்புங்கள். அந்த நேரத்தில் காருக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது. பிறகு குச்சியைப் பார்க்க வேண்டும். எந்த நிலையில் பார்ப்பது என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம். டொயோட்டா முறையில் இன்ஜின் ஓட 'பி'யில் பார்ப்பார்கள். மிட்சுபிஷி பெட்டி வைத்த பழைய புரோட்டோன்களில் இன்ஜின் ஓட 'என்'னில். பழைய ஹோண்டாக்கள் பலவற்றில் இன்ஜினை நிறுத்திய ஒன்றிரண்டு நிமிடத்துக்குள். கையேடு சொல்வதைத்தான் கேட்க வேண்டும். குச்சியில் சூட்டுக்கு ஒரு கோடும் ஆறிய நிலைக்கு ஒரு கோடும் இருக்கும். சூட்டுக் கோட்டைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஒரு கோப்பையில் கால்வாசி ஊற்றி மறுபடி பாருங்கள். ஊற்றுவது எளிது, எடுப்பதுதான் கஷ்டம்.

பாதிதான் மாறியது, பரவாயில்லையா?

இவ்வளவு செய்தும் பழைய எண்ணெய் முழுவதும் போய்விடுவதில்லை. டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் குழாய்களிலும் இருப்பது வடிவதே இல்லை. மொத்தம் ஆறு லிட்டர் பிடிக்கும் பெட்டியில் மூன்று லிட்டர் வடிகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் முறையில் பாதி புதிது. இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி மூன்று லிட்டர் மாற்றினால் முக்கால் பங்கு புதிது. மூன்றாம் முறையில் 87 விழுக்காட்டுக்கு மேல். கையில் காசு இருக்கும் சம்பள நாளைக்கு ஒன்றாக இதைப் பிரித்தும் செய்துகொள்ளலாம்.

எந்திரம் வைத்து ஒரேயடியாகப் பழையதைத் தள்ளிப் புதியதை நிரப்பித் தருவதாகச் சில பட்டறைகள் அழைக்கும். லட்சத்துக்கு மேல் ஓடி, இதுவரை எண்ணெயே மாற்றாத காருக்கு அது வேண்டாம் என்பது என் எண்ணம். பட்டறைக்காரர்களிடையே இதில் ஒரே கருத்து இல்லைதான். எண்ணெய் மாற்றியதால்தான் கியர்பெட்டி போயிற்று என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கதைகளில் பலவற்றைத் துருவிக் கேட்டால், கார் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் எண்ணெய் மாற்றப் போயிருப்பார்கள். வயதான காருக்குச் சிறுகச் சிறுகச் செய்வது நல்லது. ஒரு முறை வடித்து ஊற்றி, சில வாரம் ஓட்டிக் கவனித்து, நன்றாக ஓடினால் அடுத்த முறை.

வேலை முடிந்த மறுநாள் காலையில் காரின் அடியில் அட்டை ஒன்றை விரித்துப் பாருங்கள். சொட்டு இருந்தால் நட்டைச் சரிபாருங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் எண்ணெய் வகையையும் பிள்ளையின் கையெழுத்திலாவது ஒரு நோட்டில் எழுதி, காரின் சின்ன அலமாரியில் போட்டு வையுங்கள்.

பழைய எண்ணெயை என்ன செய்வது?

லயன் கால்வாயில் ஊற்றினால் அது ஆற்றுக்குத்தான் போகும். அந்த ஆற்றில்தான் யாரோ மீன் பிடிக்கிறார்கள், கீழே எங்கோ குடிநீர் எடுக்கிறார்கள். கழிவு எண்ணெய் 2005-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் விதிகளின்படி அட்டவணையிட்ட கழிவுப் பொருள். கண்ட இடத்தில் கொட்டுவதற்கில்லை. கோழிக் கூண்டின் காலுக்குப் பூசுவது, நாயின் சிரங்குக்குத் தடவுவது எல்லாம் தோட்டங்களில் பழகிப்போன வழக்கங்கள். விட்டுவிட வேண்டியவை. நாய் அதை நக்கும். மருந்தென்று போட்டதே அதற்கு நஞ்சாகும். இன்ஜின் எண்ணெய் மாற்றும் பட்டறைகளில் கழிவு எண்ணெய்க்கென்று டிரம் வைத்திருப்பார்கள். தோங்கோடு கொண்டுபோய்க் கேட்டால் பலர் வாங்கிக்கொள்வார்கள்.

மினரல் தண்ணீர் பாட்டிலில் மட்டும் இந்த எண்ணெயை ஊற்றி வைக்காதீர்கள், மிஞ்சிய புது எண்ணெயாக இருந்தாலும் சரி. சிவப்பாக, தெளிவாக, பார்க்க அச்சாகச் சிராப் தண்ணீர் போலவே இருக்கும். பள்ளி விட்டு வெயிலில் வரும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. அது வந்த டின்னிலேயே மூடி, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.